அளக்காத மழை

வானத்துக்கு விவஸ்தை கிடையாது என்பது ஏரிக்கரை வானிலை நிலையத்தின் நெடுநாள் குறை. நிலையம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துவந்தது. எந்த மாதம் காய வேண்டும், எந்த மாதம் நனைய வேண்டும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கூட்டம் போட்டு, டீ குடித்து, முடிவெடுத்து, முத்திரை குத்தி, ஊரெல்லாம் ஒட்டிவிடும். அதற்கப்புறம் அதன்படி நடந்துகொள்ள வேண்டியது வானத்தின் பொறுப்பு. வானம் நடக்கவில்லை என்றால் நிலையம் என்ன செய்யும், பாவம்?

வறட்சிக்காலம் என்று நிலையம் அறிவித்ததும் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கும். கரையிலிருக்கும் ஒரே படகைச் சங்கிலியால் கட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள். படகோட்டி சம்பளமில்லாத லீவில் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். அதன்பின் காய்ந்த ஏரிப் படுகை மேலேயே எதிர்க்கரைக்கு பஸ் ஓடும். மழைக்காலம் என்று அறிவித்தால் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் படகை அவிழ்ப்பார்கள். ஊரைவிட்டு வெளியே போக வேறு வழியில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சதுப்பு. எதிர்க்கரைக்கு மிதந்து போவதா, உருண்டு போவதா என்று தீர்மானிக்கிற வேலையை ஏரியிடம் யாரும் கொடுக்கவில்லை. அது நிலையத்தின் வேலை.

இந்த ஏற்பாட்டைப் பற்றித் தையல்காரர் அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. கடைத்தெரு முனையில் அவருடைய கடை. கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. "கை எவ்வளவு நீளம் வெக்கட்டும்?", "செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்குங்க" என்ற இரண்டே வாக்கியங்களில் தொழிலை ஓட்டிவிட்ட மனுஷர். வீட்டில் அந்த இரண்டும் தேவைப்படாததால் அங்கே ஒன்றும் பேசுவதில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நான்னு ஒருத்தி இந்த வீட்ல இருக்கேன். அது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "உப்பு கம்மியா இருக்கு" என்றார்.

மறுநாள் காலை அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். "அக்கா வீட்டுக்குப் போறேன். நான் வேணும்னா கூப்பிடுங்க. வேணாம்னா உங்க மெஷின் இருக்கவே இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அக்கா வீடு எதிர்க்கரையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய மேட்டுநிலத்து ஊர்.

கோபம் தீர்ந்தால் தானே வந்துவிடுவாள் என்று அவர் முதலில் முறுக்காகத்தான் இருந்தார். பிறகு வீடு அவரை ஒரு கை பார்க்க ஆரம்பித்தது. டீ போட்டால் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினார். "உப்பு சரியா இருக்கு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார். தைக்கத் துணி இல்லாதபோதும், சத்தம் கேட்கட்டுமே என்று சும்மா மெஷினை மிதித்தார். அவள் வீட்டில் இருந்தபோது பேசாமல் இருந்தது சுகமாக இருந்தது. இல்லாதபோது பேசாமல் இருப்பது நெஞ்சை அடைத்தது. தனியாக இருப்பது இப்படி வலிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா வீட்டைக் காலி பண்ணிட்டுப் பையன்கிட்டயே போறா. தூரத்து ஊரு, ரயில்ல ரெண்டு நாள் ஆகுமாம். துணைக்கு என்னையும் வந்து இருந்துடுன்னு கூப்பிடறா. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். போனா நான் எப்ப திரும்புவேன்னு சொல்ல முடியாது." அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். "வர்ற திங்கக்கிழமையே நான் அங்க வரேன்" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன துணிச்சலான வாக்கியம் அதுதான்.

திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். நட்ட நடு வறட்சிக்காலம். வானத்தில் எங்கிருந்தோ ஒரு கறுப்பு வந்தது. அப்புறம் கொட்டியது பாருங்கள், சாதாரணக் கொட்டு இல்லை. கடைத்தெருவில் நின்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். மத்தியானத்துக்குள் ஏரிப் படுகையில் பஸ் போகும் பாதையைக் காணோம். சாயங்காலம் ஏரி ஏரியாகவே இருந்தது. வானொலியில் நிலையத்தின் அறிவிப்பு வந்தது: "வானம் தெளிவாகக் காணப்படும். ஏரிப் படுகைப் பாதை உலர்ந்த நிலையில் உள்ளது. பஸ் போக்குவரத்து வழக்கம்போல் நடைபெறுகிறது."

தையல்காரர் ஈரச் சட்டையோடு மனைவிக்குப் போன் போட்டார்.

"மழைம்மா. பயங்கர மழை. ஏரி ரொம்பிடுச்சு, வர முடியலை."

"ரேடியோவுல வெயில்னு சொல்றான்?"

"அவன் கிடக்கான். நான் சொட்டச் சொட்ட நிக்கிறேன்."

"சரி. வேற?" என்றாள்.

"வேற என்ன? மழைதான்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அந்த 'சரி' அவரைக் குத்தியது. நம்பவில்லை என்று முடிவுகட்டினார். நம்பாததற்குக் காரணமும் இருந்தது. எங்கேயாவது போக வேண்டியிருந்தால் மழை மேல் பழி போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம். அவளுடைய தம்பி கல்யாணத்தன்று சுள்ளென்று வெயில் அடித்தபோதுகூட, "மேகமா இருக்கே" என்று சொன்ன புண்ணியவான். இப்போது நிஜமாகவே மழை பெய்கிறது, அதை வானொலி இல்லை என்கிறது. மழை பெய்தது என்று நிலையத்தின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால் அவள் நம்பித்தானே ஆக வேண்டும்? படகும் அவிழும், மானமும் பிழைக்கும். மேட்டுநிலத்தில் சொட்டு மழைகூட இருக்காது என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார்.

செவ்வாயன்று நிலையத்துக்குப் போனார். வாசலில் பெரிய பலகை: 'சொன்னது சொன்னதுதான்.' உள்ளே குமாஸ்தா பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபைல்கள் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அறை முழுக்க வாளிகள். மேலேயிருந்து சொட்டும் தண்ணீர் ஒவ்வொரு வாளியிலும் ஒவ்வொரு சுரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"மழை பெய்யுதுன்னு ரேடியோவுல ஒரு வரி சொல்லச் சொல்லுங்க சார். படகையும் அவுத்துவிடுங்க. அவசரமா எதிர்க்கரைக்குப் போகணும்" என்றார் தையல்காரர்.

"எந்த மழை?"

தையல்காரர் மேலே கையைக் காட்டினார். குமாஸ்தாவும் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சொட்டு சரியாக அவர் மூக்கில் விழுந்தது. கைக்குட்டையை எடுத்துப் பொறுமையாகத் துடைத்துக்கொண்டார்.

"இது கூரை ஒழுகல். கட்டடப் பிரிவுக்கு எழுதிப் போட்டிருக்கு. எங்களுக்குச் சம்பந்தமில்ல."

"மழை பெஞ்சாத்தானே சார் கூரை ஒழுகும்?"

"அது உங்க அபிப்பிராயம்."

"வெளிய ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"பாக்கிறதுக்கெல்லாம் நிலையம் எதுக்குய்யா? பாக்கிறது யார் வேணும்னாலும் பாப்பாங்க. நாங்க அளக்கிறவங்க." குமாஸ்தா எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே மழைமானி துணியில் சுற்றி, குழந்தை மாதிரி படுத்திருந்தது. "வறட்சிக்காலம் பொறந்ததும் இதை உள்ள எடுத்து வெச்சிடணும்னு விதி. வெளியில கிடந்தா மழையில நனைஞ்சு துருப்பிடிச்சிடும்."

"மழையில நனையத்தானே சார் அது இருக்கு?"

"நனையற காலத்துல நனையும். இப்ப இல்ல. இது அளக்காத மழை, பெய்யாத மழை. நான் சொல்லலை, விதி சொல்லுது." பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படகு படகுன்னு ஏன் அடம் பிடிக்கிறீங்க? பஸ்தான் ஓடுதே! நாளைக்குக் காலையில ஏறிப் போய்ட்டு வாங்களேன்" என்றார்.

புதன்கிழமை தையல்காரர் பஸ்ஸுக்குப் போனார். சக்கரம் பாதி மூழ்கி, தண்ணீருக்குள் அது பாட்டுக்கு நின்றது. முழங்கால் நனைய நடந்துதான் ஏற வேண்டியிருந்தது. "எதிர்க்கரை, எதிர்க்கரை! ஏறுங்க, சீட்டு காலி!" என்று கண்டக்டர் யாருமில்லாத கரையைப் பார்த்துக் கூவினார். தையல்காரரைத் தவிர வேறு ஆளில்லை. அவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, கண்டக்டர் விசில் ஊதி "ரைட்!" என்றார்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போய் இரண்டு நாளாகியிருந்தது. ஆனாலும் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பாதையில் வளைவு வருகிற நேரத்தில் சக்கரத்தை வளைத்தார். குறுகலான இடம் வரும் நேரத்தில் ஹாரன் அடித்தார். பாதி வழியில் கண்டக்டர், "டீ குடிக்கிறவங்க குடிக்கலாம், வண்டி அஞ்சு நிமிஷம் நிக்கும்" என்று அறிவித்தார். கரையிலிருந்த டீக்கடைக்காரர் ஒரு கையில் கெட்டிலும் இன்னொரு கையில் குடையுமாகத் தண்ணீரில் நடந்து வந்து ஜன்னல் வழியாக டீ கொடுத்தார்.

"என்ன தையல்காரரே, பிரயாணமா?" என்று விசாரித்தார்.

"நீயாவது சொல்லேன்யா. என் சம்சாரத்துக்குப் போன் போட்டு மழை பெய்யுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

டீக்கடைக்காரர் குடையை நன்றாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். "நிலையத்துக்கு நான்தான் டீ சப்ளை. ஏன் என் பொழப்புல மண்ணைப் போடறே? என்னைக் கேட்டா வெயில்னுதான் சொல்வேன். குடை வெயிலுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நீந்தாத குறையாகப் போனார்.

தையல்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் நகரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், நகர்ந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று மனசுக்குள் பேசிப் பார்த்தார். மழை எப்போது ஆரம்பித்தது, ஏரி எப்படி ரொம்பியது, குமாஸ்தா என்ன சொன்னார் என்பதுவரை எல்லாம் கோவையாக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அவள் கூட வரும் நாட்களில் அந்தச் சீட்டில் பையை வைத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள், நீங்கதான் பேச மாட்டீங்களே என்பாள்.

"இறங்குங்க. எதிர்க்கரை வந்தாச்சு" என்றார் கண்டக்டர்.

"அதோ தெரியறது என் கடை சார்."

"எல்லா ஊர்லயும் ஒரு தையல் கடை இருக்கும்." கண்டக்டர் கிட்டே வந்து காதோடு சொன்னார்: "பெரியவரே, டைமுக்கு வண்டி போய்ச் சேரலைன்னா எங்களுக்கு மெமோ குடுத்துடுவாங்க. புள்ளகுட்டிக்காரன். தயவு பண்ணி இறங்கிடுங்க."

இறங்கித் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் அவளிடமிருந்து போன்.

"நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நீங்க பஸ்ல வந்து எதிர்க்கரையில இறங்கிட்டீங்கன்னு சொல்றாங்க. எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்."

"வந்து இறங்கின ஆள் எப்படி வீட்ல இருப்பீங்க?"

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். நிற்கிற பஸ்ஸில் டிரைவர் ஹாரன் அடித்ததைச் சொன்னபோது அந்தப் பக்கம் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சரி. வேற?" என்றாள்.

"வேற... நாளைக்கு எப்படியும் நிலையத்துல ஒரு சர்டிஃபிகேட் வாங்கிடறேன். மழை பெஞ்சதுன்னு எழுத்து மூலமா. அப்ப நீ நம்பித்தானே ஆகணும்?"

"ஆமா. அதுதான் இப்ப ரொம்ப முக்கியம்" என்றாள்.

முக்கியம் என்று அவளே சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தெம்பு வந்தது. ஆம்பிளைகளில் இப்படியும் சில பேர் உண்டு, என்ன செய்வது?

வியாழனன்று குமாஸ்தா மனுவைக் கையில் வாங்கவே இல்லை. "இது உள்ளூர்க்காரங்களுக்கான மனு. நீங்க நேத்தே எதிர்க்கரைக்குப் போயிட்டீங்க."

"உங்க எதிர்லதானே சார் நிக்கிறேன்!"

"நில்லுங்க, யார் வேணாம்னா? திரும்பி வந்ததுக்கு டிக்கெட் இருக்கா?"

இல்லை. ஆகவே தையல்காரர் மறுபடி தண்ணீரில் இறங்கி, அதே பஸ்ஸில் ஏறி, அதே சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஊர் வந்து சேர்ந்தார். இந்தத் தடவை டிரைவர் எதிர்ப்பக்கமாக வளைத்தார். இறங்கும்போது கண்டக்டர், "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டார். ஒரு வாரமாக அவரிடம் அப்படி அக்கறையாக விசாரித்த ஆள் கண்டக்டர் ஒருவர்தான். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருந்துச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை, வதந்திகளுக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்காக இயக்குநரே விளக்கக் கூட்டம் நடத்தினார். வானம் தெளிவாக இருக்கும் என்று அறிவித்திருந்ததால் கூட்டத்தைத் திறந்தவெளியில்தான் வைத்தாக வேண்டியிருந்தது. ஜனங்கள் கணுக்கால் சேற்றில் நின்றார்கள். இயக்குநருக்குப் பின்னால் ஒரு சேவகன் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பெரியோர்களே, தாய்மார்களே!" என்று ஆரம்பித்தார் இயக்குநர். மைக்குக்குள் தண்ணீர் போய்க் கொரகொரத்தது. "நமது நிலையத்தின் கணிப்பு இதுவரை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. எப்படி என்று கேட்பீர்கள். கணிப்புக்குப் பொருந்தாத எதையும் நாங்கள் பதிவு செய்வதே இல்லை. அவ்வளவு கட்டுப்பாடு! மற்ற ஊர்களில் வானத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். பாவம், தினம் தினம் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் போன வருஷத்து அறிக்கையைப் பார்த்து இந்த வருஷத்து அறிக்கையை எழுதுகிறோம். அதனால் எழுத்துப் பிழைகூட வருவதில்லை. நான் இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து என் அறை ஜன்னலைத் திறந்ததே இல்லை. வெளியே பார்த்துவிட்டால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் அல்லவா? நடுநிலைமை என்று ஒன்று இருக்கிறது!"

ஜனங்கள் கை தட்டினார்கள். ஈரக் கைகள் ஆனதால் சத்தம் சப்பென்று வந்தது.

தையல்காரர் கூட்டத்தில் பேசி அறியாதவர். இருந்தும் கையைத் தூக்கினார். "ஐயா, நான் நனைஞ்சிருக்கேன்" என்றார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் நனைந்துதான் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் அவர் பக்கத்தில் நிற்கப் பிரியப்படவில்லை. மெதுவாக நகர்ந்து விலகினார்கள். சேற்றின் நடுவில் அவர் ஒண்டியாக நின்றார்.

"ஈரம் என்று ஒரு குடிமகன் புகார் சொல்கிறார். நிலையம் அதைப் புறக்கணிக்காது" என்றார் இயக்குநர் பெருந்தன்மையாக. "ஆனால் அது வியர்வையாக இருக்கலாம். ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். சட்டையைக் கழற்றிக் கொடுங்கள்."

குமாஸ்தா ஓடிவந்து சட்டையை வாங்கி, கவரில் போட்டு, அரக்கு வைத்தார். தையல்காரர் பனியனோடு வீட்டுக்கு நடந்தார். அன்று சாயங்காலம் அவரே போன் போட்டு அதையும் சொன்னார்.

"சட்டையைக் கொண்டுபோயிருக்காங்க. ஆய்வு முடிஞ்சதும் தெரிஞ்சிடும்."

"தலையைத் துவட்டினீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"அதை விடு. ஆய்வுக்குன்னு எடுத்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்."

"நாளன்னைக்கு மத்தியானம் ரயிலுங்க."

"அதுக்குள்ள வாங்கிடுவேன்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற எதுவும் இன்னும் முடிவாகலை" என்றார் தையல்காரர். நிலையத்தோடு பழகப் பழக அவர் பேச்சே அப்படி ஆகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு காரியம் நடந்தது. நிலையத்து வாசலில் நிறுத்தியிருந்த இயக்குநரின் புதுக் கார் மெதுவாக மிதந்து, கேட்டைத் தாண்டி, ஏரிக்குள் போய் மூழ்கியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ணினார்கள். "மழை வெள்ளத்துல போச்சுன்னா தருவோம். ஆனா உங்க ஊர்ல மழையே இல்லைன்னு உங்க நிலையமே சொல்லியிருக்கே!" என்று அங்கிருந்து கேட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நிலையம் காலையிலேயே திறந்தது. இயக்குநர் முதல் தடவையாக ஜன்னலைத் திறந்தார். "அடடா, இவ்வளவு மழையா!" என்றார். பீரோவைத் திறந்து மழைமானியை வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குள் மழை நின்றுபோய் வெயில் வந்துவிட்டது. எல்லோரும் மழைமானியைச் சுற்றி நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. கடைசியில் குமாஸ்தாதான் புத்திசாலித்தனமாக, தன் மேஜையடியில் இருந்த வாளியைத் தூக்கிவந்து மழைமானிக்குள் ஊற்றினார்.

"இப்ப அளங்க சார்" என்றார்.

அளந்தார்கள். மழை பெய்திருந்தது.

சான்றிதழ் அடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பிரதி இயக்குநருக்கு. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து வாசலில் நின்ற தையல்காரரைப் பார்த்து, "இவரும் ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தார் சார்" என்று குமாஸ்தா இரக்கப்பட்டு இரண்டாவது பிரதியை அவரிடம் கொடுத்தார்.

"படகு சார்?" என்றார் தையல்காரர்.

"முத்திரை உடைக்கிற பிரிவுக்கு இன்னிக்கு லீவு. நாளைக்கு வாங்க."

தையல்காரர் காத்திருக்கவில்லை. காகிதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவர் ஓடிப் பார்த்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. மூச்சிரைக்க மனைவிக்குப் போன் போட்டார். ரயில் நிலையத்து இரைச்சல் கேட்டது.

"இரு, இரு. வெச்சுடாதே. கேளு" என்று சொல்லி, நின்றபடியே வாசித்தார். "'கடந்த திங்கள் முதல் சனி வரை இவ்வூரில் மழை பெய்தது உண்மையே எனச் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரை இருக்கு. இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இப்ப நம்பறியா?"

"ஏங்க, எங்க அக்கா வீட்லயும் ஜன்னல் இருக்குங்க" என்றாள் அவள். "இங்கயும் அதே மழைதான். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும்."

தையல்காரருக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன் ரேடியோவுல வெயிலுன்னு..."

"சும்மா சீண்டினேன். நீங்க அதையே பிடிச்சுக்கிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல. தினம் போன் வருமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வந்துச்சு. எல்லாம் மழையைப் பத்தி. நானும் வேற, வேறன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"நான்தான் வரேன்னு சொன்னேனே..."

"வரேன்னு சொன்னீங்க. வர முடியலைன்னும் சொன்னீங்க. என்னை வான்னு சொல்லலையே." விசில் சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வண்டி கிளம்புது. நேரத்துக்குச் சாப்பிடுங்க. ஈரத் துணியோட திரியாதீங்க." போன் நின்றுவிட்டது.

அவர் காகிதத்தை மெஷின் மேல் வைத்தார். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஜனங்கள் நனைந்த பாயையும் தலையணையையும் வெளியே எடுத்துப் போட்டு, மழையைப் பற்றி இப்போதுதான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி அவள் நம்பரைப் போட்டார். மணி அடிக்கவில்லை. பதிவு செய்த பெண்குரல் ஒன்று, நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மரியாதையாகச் சொன்னது.

தையல்காரர் போனை வைக்கவில்லை.

"நீ இல்லாம எனக்கு முடியலை. வீட்டுக்கு வந்துடும்மா" என்றார்.

அந்தப் பெண் கொஞ்சங்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயற்சி செய்யச் சொன்னாள்.